நப்லானுக்கு விசா வேண்டாம்

உக்குவளை
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு

பிஸ்மில்லாஹ்.

அன்புள்ள மகன் நுஹ்மானுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் நீ உடம்புக்கு ஒன்றும் வராமல் அல்லாஹ்வின் காவலில் இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன், உன்மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் துஆவில் குறை வைக்கவில்லை. இங்கே வாப்பாவுக்குச் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறது, உன் தங்கச்சி மர்வா நன்றாக இருக்கிறாள், என் முழங்கால் பழைய மாதிரித்தான். எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக என் கை ஒப்பவில்லை, ஏனென்றால் உன் தம்பி சுகமில்லாமல் இருக்கிறான், அது உனக்கும் தெரியும், தெரிந்துதான் அந்த விசாவை அனுப்பியிருக்கிறாய். எப்போதும் உன்னை நீங்கள் என்றுதான் கூப்பிடுவேன், இன்றைக்கு நீ என்றுதான் வருகிறது, மனதில் வைத்துக்கொள்ளாதே, வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. போனில் பேசலாமே என்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ பத்துச் சொல்கிறாய், பதினொன்றாவதை நான் தொடங்கும்போது சூப்பர்வைசர் வந்துவிட்டார் என்று வைத்துவிடுகிறாய், வொய்ஸ் அனுப்பினால் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாயாம், மர்வா சொன்னாள். கடிதத்தை அப்படி ஓடவிட முடியாது. பக்கத்து வீட்டு றிஸ்மியாவின் மகன் அடுத்த கிழமை தோஹாவுக்கு வருகிறான், அவன் கையில் கொடுத்துவிடுகிறேன், நீ வாசித்து முடிக்கும் வரைக்கும் எழும்பாமல் பக்கத்திலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

முதலில் விசயத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சுற்றி வளைத்தேன் என்று குறை சொல்லாதே. நப்லானை நான் கட்டாருக்கு அனுப்பப் போவதில்லை. அவனுடைய பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறது, வாப்பா கேட்டும் கொடுக்கவில்லை, நீ வந்து கேட்டாலும் கொடுக்க மாட்டேன். அவன் ஐஸ் குடித்தான், அந்தப் போதைச் சாமானின் பெயரை வீட்டில் யாரும் வாயால் சொல்லாமல் அது, இது என்றே இத்தனை நாளும் பேசிவிட்டோம், நான் எழுதியே விடுகிறேன். அது ஒரு வருத்தம், ஒரு நோய், அதற்கு மருந்துக்குப் போகிற இடம் இருக்கிறது, அங்கே அவன் போய்க்கொண்டிருக்கிறான்.

இதை எப்படி நீங்கள் கவனிக்காமல் விட்டீர்கள் என்று நீ ஒவ்வொரு கோலிலும் கேட்கிறாய், ஏதோ நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு குடும்பம் நடத்திய மாதிரி. கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தோம், பார்த்ததையெல்லாம் இபாதத், வணக்கம் என்று நினைத்தோம். இந்த முறை நோன்பும் கராம்பு சீசனும் ஒன்றாக வந்தன. விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்பப் போனால் அவன் எங்களுக்கு முன்னமே விழித்திருப்பான், சோற்றைத் தொடமாட்டான், பசிக்கல்ல உம்மா, தண்ணி போதும் என்பான். பகல் முழுக்க நம் கடையில் சாக்குகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, நாலு பொம்பிளைகள் சுற்றி உட்கார்ந்து உடைக்கிற கராம்புக் காம்பைத் தனியாக உட்கார்ந்து உடைத்து முடிப்பான், முடித்ததை மறுபடி கொட்டி மறுபடி புடைப்பான். நோன்பு திறக்கக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தால் இரண்டு மிடறு, அவ்வளவுதான். பிறகு இரவில் தராவீஹ் தொழுகை, கடைசிப் பத்து நாளும் பள்ளியிலேயே தங்கல். ஊரில் வாய் ஓயவில்லை, பாறூக் மாமா வாப்பாவைக் கட்டிப்பிடித்து, புள்ள வளத்தா இப்பிடி வளக்கோணும் என்று சொன்னார், வாப்பா அழுதேவிட்டார். நீ மட்டும் என்ன செய்தாய், குர்ஆனுக்கு முன்னால் அவன் உட்கார்ந்திருந்த படத்தை பேஸ்புக்கில் போட்டு மாஷா அல்லாஹ் என் தம்பி என்று எழுதினாய். அந்தப் படத்தை இப்போது எடுத்துப் பார். கன்னம் இரண்டும் உள்ளே போய், கண்மணி பெரிதாகி, தாடை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இருக்கிறான். பன்னிரண்டாவது மாதம் தைத்த சட்டை ஹேங்கரில் தொங்குவது போல அவன்மேல் தொங்குகிறது. பசியையும் தூக்கத்தையும் அந்தச் சனியன் தின்றுவிட்டிருக்கிறது, நாங்கள் அதைத் தக்வா, இறையச்சம் என்று தலையில் தூக்கி வைத்துக்கொண்டோம். வேறு எந்த மாதமாக இருந்தாலும் சாப்பிடாத பிள்ளையை நான் விட்டிருப்பேனா, நோன்பு மாதத்தில் எந்த உம்மா ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பாள்.

பெருநாளன்று விழுந்தது பார் வேசம். தொழுகைக்கு எழுப்பினால் எழும்பவில்லை, அன்றும் அடுத்த நாளும் மையித்து மாதிரிக் கிடந்தான், மூச்சு இருக்கிறதா என்று மர்வா மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். எழும்பியவன் எங்கள் நப்லான் இல்லை. எதிர்க் கடைக் கமரா தன்னைத்தான் பார்க்கிறது என்றான், மர்வா போனில் தன்னைப் பதிவு செய்கிறாள் என்று அதைப் பிடுங்கிக் கழற்றிப் போட்டான், பிறகு பூட்டத் தெரியாமல் அதன் முன்னாலேயே குந்திக்கொண்டு இருந்தான். கையைச் சொறிந்து சொறிந்து புண். கேட்டால் ஏச்சு, நான் அவனைப் பெற்ற காலத்திலிருந்து அவன் வாயில் கேட்டிராத வார்த்தைகள். சாமான்களும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. உனக்குச் சொன்னோம். நீ என்ன சொன்னாய், கண்ணூறு பட்டிருக்கும், ஓதிப் பாருங்கள் என்றாய். சரி என்று ஹுசைன் ஹஸ்ரத்திடம் கூட்டிக்கொண்டு போனோம். அந்த மனிசன் அவன் கண்ணையும் கையையும் பார்த்துவிட்டு, கூடப் பிறந்த தம்பி மாதிரி என்னிடம், தாத்தா, தண்ணி ஓதித் தாறன், குடிக்கக் குடுங்க, ஆனா இது ஜின்னுட வேலை இல்ல, நாளைக்கே டொக்டருக்கிட்ட கூட்டிட்டுப் போங்க என்றார். அதையும் உனக்குச் சொன்னோம். நீயோ அந்த ஹஸ்ரத் சரியில்லை, வேறு ஹஸ்ரத்தைப் பாருங்கள் என்றாய். ஓதுகிறவரே டொக்டரைப் பார் என்கிறார், டொக்டர் இருக்கிற நாட்டில் சம்பாதிக்கிற நீ ஹஸ்ரத்தைப் பார் என்கிறாய், இதை எங்கே போய்ச் சொல்லி அழ.

மாத்தளை ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவேண்டாம், நம் ஊர்ச் சனம் நிறைய வந்து போகிற இடம், மர்வாவின் கலியாணப் பேச்சுக் கெட்டுவிடும் என்று வாப்பாவுக்கு வேறு ஓதிவிட்டாய். அவரும் நீ சொன்னால் வேதவாக்கு என்று இருக்கிற ஆள். பிறகு அல்லாஹ்தான் வழி விட்டான், பல் வழியாக. தாடையை நறநறவென்று கடித்துக் கடித்து அவனுடைய கடைவாய்ப் பல் உடைந்து, வலி தாங்காமல் தானாக வந்து உம்மா கூட்டிட்டுப் போங்க என்றான். பல்லுக்குப் போவதற்கு வாப்பாவும் தடை சொல்லவில்லை, பல்லுக்கு ஊர் சிரிக்காதே. அதே மாத்தளை ஆஸ்பத்திரியில் பல் பார்க்கிற சிங்கள டொக்டர் நோனா, சின்னப் பிள்ளை, மர்வாவைவிட நாலைந்து வயது கூட இருப்பாள், அவன் வாயைப் பார்த்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னாள். திரும்பக் கூப்பிட்டபோது நப்லான் குனிந்து அழுதுகொண்டிருந்தான். அந்த நோனா ஏசவில்லை, பொலிஸ் என்று சொல்லவில்லை. அம்மா, பல்லை நான் பார்க்கிறேன், மற்றதற்கு மேலே கிளினிக் இருக்கிறது, இன்றைக்கே காட்டிவிட்டுப் போங்கள், நாளைக்கு என்றால் இவர் வரமாட்டார் என்று சிங்களத்தில் சொன்னாள். அப்போதே கையைப் பிடித்து மாடிக்கு ஏற்றிவிட்டேன். படியில் நம் ஊர் ஆட்கள் இரண்டு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியுமா.

அங்கேதான் தெரிந்தது, கடைச் சரக்கோடு இரவில் தம்புள்ளைக்கு லொறி ஓட்டும்போது தூக்கம் வராமல் இருக்க என்று வழியில் பலாபத்வல கராஜ் ஒன்றில் எவனோ கொடுத்துப் பழக்கியது. கிளினிக் டொக்டர் சொன்னதை நான் விளங்கிக்கொண்ட மாதிரியே உனக்கும் எழுதுகிறேன். இதற்கு ஒரு குளிசையைப் போட்டு ஆசையை நிறுத்திவிட முடியாதாம், தூக்கத்துக்கும் பயத்துக்கும் கொஞ்ச நாள் மருந்து உண்டு, மற்றதெல்லாம் கிழமைக்குக் கிழமை போய் உட்கார்ந்து பேசுவதும், வேளைக்குச் சாப்பிடுவதும், தூங்குவதும், பழைய கூட்டாளிகளை விடுவதும், வீட்டு ஆட்கள் எப்படி நடக்க வேண்டும் என்று நாங்களும் படிப்பதும்தான். நிறுத்தினவுடன் மனது ஒரேயடியாக விழுந்துவிடுமாம், அந்த நேரம் உயிரை வெறுத்துப் பேசினால் விளையாட்டு என்று விடாமல் உடனே கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம். வீட்டில் வைத்துச் சரிவராவிட்டால் தங்கி இருக்கிற அரசாங்க நிலையங்கள் இருக்கின்றன, அவன் சம்மதித்துப் போக வேண்டும். மர்வாவும் போதைப் பழக்கத்துக்கு உதவி கேட்கிற 1927 நம்பருக்குக் கோல் எடுத்து விசாரித்து வைத்திருக்கிறாள்.

இதற்கிடையில் பாறூக் மாமா, கட்டிப்பிடித்த அதே மாமாதான், தனக்குத் தெரிந்த தனியார் இடம் ஒன்று இருக்கிறது, மூன்று மாதத்தில் அடக்கி அனுப்புவார்கள் என்றார். வாப்பா உடனே தலையாட்டினார். நான் சேர்ப்பதற்கு முன் பார்க்க வேண்டும் என்று பஸ் ஏறிப் போனேன். கேட்டுக்கு உள்ளே மொட்டை அடித்த பிள்ளைகள் வெயிலில் வரிசையாகக் குந்தியிருந்தார்கள், ஒருவன்கூட முகத்தைத் தூக்கவில்லை. டொக்டர் எந்த நாளில் வருவார் என்று கேட்டேன். பொறுப்பாக இருந்தவன் சிரித்துவிட்டு, கையிலிருந்த தடியைக் காட்டி, டொக்டர் எதுக்கு உம்மா, எங்கட பொல்லு ஈக்கே என்றான். செருப்பு காலில் இருந்தது, கையில் எடுக்காமல் வந்ததற்கு அல்லாஹ் எனக்குக் கூலி தருவான். மகன், வருத்தக்காரனை அடித்துச் சுகப்படுத்துகிற ஆஸ்பத்திரி உலகத்தில் எங்கேயாவது இருக்கிறதா.

இப்போது உன் விசா. இடம் மாறினால் திருந்துவான், இங்கே என் கண் பார்வையில் இருப்பான் என்று வாப்பாவிடம் சொன்னாய். உன் கண் பார்வை எங்கே இருக்கிறது, காலையில் சைட்டுக்குப் போனால் இருட்டித்தான் அறைக்கு வருகிறாய், ஒரு அறையில் எட்டுப் பேர். மொழி தெரியாத ஊரில், கிளினிக்கும் இல்லாமல், உம்மாவும் இல்லாமல், வெயிலில் பன்னிரண்டு மணித்தியாலம் வேலை செய்கிறவனுக்குத் தூக்கம் போகிற சாமான் மறுபடி தேவைப்படாதா. அங்கே பிடிபட்டால் கிளினிக்குத் துண்டு எழுதிக் கொடுத்து அனுப்புவார்களா, ஜெயிலில் போடுவார்களா, எனக்கு எழுது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தது போதாது என்று பூசணிக்காயைக் கட்டாருக்குப் பார்சல் பண்ணச் சொல்கிறாய். உனக்குத் தம்பி சுகமாக வேண்டும் என்பதைவிட அவன் உக்குவளையில் இருக்கக் கூடாது என்பதுதான் பெரிதாக இருக்கிறது. இது உனக்குச் சுடும், சுடட்டும் என்றுதான் எழுதுகிறேன். மர்வாவின் கலியாணத்தை நீ சாட்டுச் சொல்லாதே. அவளே மாப்பிள்ளை வீட்டுக்காரரிடம் தன் கூடப் பிறந்தவனை மறைக்காமல், சின்ன நானாவுக்கு வருத்தம், மருந்து எடுக்கிறார் என்று சொல்லிவிட்டாள். அவர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஓடுகிறவங்க இப்பவே ஓடட்டும் உம்மா, கலியாணம் முடிச்ச பொறகு ஓடினா நான் தொரத்த ஏலாது என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். அவளுக்கு இருக்கிற தைரியம் மூத்தவனான உனக்கு இல்லை.

அவன் முழுக்கச் சுகமாகிவிட்டான் என்று நான் பொய் எழுத மாட்டேன். நடுவில் ஒரு தடவை மறுபடி குடித்துவிட்டான், அன்றைக்கு வாப்பா பெல்ட்டைக் கழற்றினார், நான் நடுவில் நின்றேன். ஆனால் அடுத்த கிளினிக்கில் அவனே டொக்டரிடம் சொன்னான், அவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை, சொன்னதுதான் முக்கியம் என்றார். இப்போது சோறு கேட்கிறான். நேற்று மாட்டுக் குடல் போட்ட பாபத்துக் கறிக்கு இரண்டாவது தரம் பீங்கானை நீட்டினான், நான் அடுப்பு ஊதுகிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம் எழுதினேன். ஆசை எழும்பினால் அது கொஞ்ச நேரம்தான் உச்சத்தில் நிற்குமாம், அந்த நேரத்தில் யாரோடாவது பேசிக்கொண்டிருந்தால் தாண்டிவிடலாமாம். யாருக்குக் கோல் எடுப்பீர்கள், ஒரு பெயர் சொல்லுங்கள் என்று போன கிழமை டொக்டர் கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன், என்னைச் சொல்வான் என்று நினைத்தேன். நானாட நம்பர எழுதுங்க டொக்டர் என்றான். சரி, பழக்கத்துக்கு இப்போதே ஒருதரம் எடுங்கள் என்றார். எடுத்தான், உடனே கட் ஆனது. மறுபடியும் எடுத்தான், அதுவும் அப்படித்தான். நானா வேலையில ஈப்பாரு என்று சொல்லிவிட்டுப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டான். வீட்டுக்கு வந்து அவனுடைய போனை மர்வாவிடம் காட்டினேன். வேலையும் இல்லை ஒன்றும் இல்லை உம்மா, அவனுடைய நம்பரைப் பெரிய நானா ப்ளொக் பண்ணி வைத்திருக்கிறார் என்றாள். பெருநாளுக்குப் பிறகு காசு கேட்டும் ஏசியும் அவன் உன்னைப் படுத்தியிருப்பான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ ப்ளொக் பண்ணியது நப்லானுக்கு அப்போதே தெரியுமாம், மர்வாவிடம் முன்னமே சொல்லியிருக்கிறான், மகன். தெரிந்துகொண்டுதான் உன் பெயரைச் சொன்னான், தெரிந்துகொண்டுதான் டொக்டருக்கு முன்னால் உன் மானத்தைக் காப்பாற்றினான்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் ஹலாலான ரிஸ்கையும் சம்பாத்தியத்தையும் பெரிய மனதையும் தரட்டும், உங்கள் இரண்டு பேரையும் ஒரே பாயில் உட்கார்த்திச் சோறு போடுகிற நாளை எனக்குத் தரட்டும், ஆமீன். வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொள். விசாவைத் திருப்பிக் கொடுத்துவிடு. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கிளினிக் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அவன் மறுபடி உன் நம்பருக்கு எடுப்பான், நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மணி அடிக்க வை.

உன் உம்மா
ஜுனைதா