மூச்சை விட்டுவைத்து வசனத்தை வெட்டியது குறித்து

அனுப்புநர்:
ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘தேன்தொண்டை’ என்று அழைக்கப்படும் டப்பிங் கலைஞர்,
லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் மனைவி.

பெறுநர்:
மண்டல அதிகாரி அவர்கள்,
திரைப்படத் தணிக்கை அலுவலகம்.

பொருள்: நான் குரல் கொடுத்த படத்தில் வெட்டப்பட்ட வசனத்தைத் திரும்பச் சேர்க்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கணவன் இருக்க, மாடியில் குடியிருப்பவன் மீது ஆசை கொள்ளும் ஒரு மனைவியின் கதை அது. பெரியவர்களுக்கு மட்டும் என்று தாங்கள்தான் சான்று வழங்கினீர்கள். கதாநாயகிக்கு நம் மொழி வராது. எனவே குரல் என்னுடையது. அவளும் மாடிக்காரனும் நெருங்கும் மழைக் காட்சி கைப்பேசிகளில் சுற்றியபோது, என் கணவருடன் வேலை செய்பவர் டீ குடித்துக்கொண்டே, “என்னண்ணே, அண்ணி குரல் மாதிரியே இருக்கு?” என்று கேட்டுவிட்டார். போதாதா? அன்றோடு என் நிம்மதி போயிற்று.

2. எங்கள் தொழில் முறையைத் தாங்கள் அறிவீர்கள். இருட்டறையில் நான் தனியாக நின்றேன். காதலனுக்குக் குரல் கொடுத்தவர் வேறொரு நாள் வந்து பேசிவிட்டுப் போனார். அவர் முகத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை. முத்தச் சத்தத்துக்கு என் புறங்கையில் நானே முத்தமிட்டுக்கொண்டேன். அன்று எனக்குச் சளி வேறு. இயக்குநர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, “மூச்சு பத்தலைம்மா, இன்னும் ஏக்கம் வேணும்” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இதையெல்லாம் கணவரிடம் விளக்கினேன். “சரி, கையில முத்தம் குடுக்கும்போது யாரை நெனச்ச?” என்றார். உதட்டசைவு தவறிவிடக் கூடாதே என்றுதான் நினைத்தேன் ஐயா. அதை யார் நம்புவார்கள்?

3. இப்போது நான் அன்பாகப் பேசினால், “வீட்லயும் டப்பிங்கா?” என்கிறார். கறாராகப் பேசினால், “அவன்கிட்ட மட்டும் குழையத் தெரியுதா?” என்கிறார். வாயை மூடிக்கொண்டிருந்தாலோ, மனசு எங்கே போயிருக்கிறது என்று கேட்கிறார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு மூன்று பக்கம். தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு படியேறி மூச்சு வாங்கினால்கூட, மாமியார் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். அணிலுக்கும் முயலுக்கும் குரல் கொடுக்க மட்டுமே எனக்கு அனுமதி. இந்த மனுவையும் முயல் படத்துக்கு வந்த இடத்தில்தான் எழுதுகிறேன். மாமியார் வாசலில் காவலிருக்கிறார்.

4. தடம் மாறும் மனைவிகள் பலருக்கு நான் குரல் கொடுத்திருக்கிறேன். அவர்களுக்குப் பாத்திரம் துலக்கும் வேலையே கிடையாது. ஆசை வந்தால் மழை வரும். மழை விட்டால் சாவு வரும். லாரியோ ரயிலோ மாடியோ, ஏதாவது ஒன்று அவளை முடித்துவிடும். கூட இருந்தவனுக்குத் தாடி மட்டும் வளரும். எந்தத் தவறும் செய்யாமல் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருப்பவளை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. அவளுக்கும் ஆசை உண்டு ஐயா, கட்டியவரிடம்தான்.

5. என் புகார் இதுதான். அந்தப் படத்தில், மழைக் காட்சிக்கு முன்னால், சாப்பாட்டு மேசையில் அவள் கணவனிடம் பேசும் வசனம் ஒன்று இருந்தது: “நான் பேசுறது உங்க காதுல விழுதா? திட்டவாவது செய்யுங்க. இந்த வீட்ல நான் ஒருத்தி இருக்கேன்னு எனக்கே மறந்துடும் போலிருக்கு.” தவறான உறவை இது நியாயப்படுத்துகிறது என்று தங்கள் குழு வெட்டச் சொன்னதாக ஒலிப்பதிவாளர் தெரிவித்தார். மூச்சு முழுதாக இருக்கிறது. பேச்சு போய்விட்டது. ஏக்கத்துக்குப் பல டேக் வாங்கிய இயக்குநர், இந்த வசனத்தை முதல் டேக்கிலேயே போதும் என்றார். நான் அங்கே நடிக்கவே இல்லை.

ஆகவே, படத்தைத் தடை செய்யும்படி நான் கேட்கவில்லை. மூச்சை வெட்டும்படியும் கேட்கவில்லை; கேட்டவர்கள் கேட்டாயிற்று. அந்த வசனத்தை மட்டும் விரைந்து திரும்பச் சேர்க்க ஆணையிடுமாறு கைகூப்பி வேண்டுகிறேன். என் கணவர் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். அதே வார்த்தைகளை வீட்டில் நான் சொன்னபோது நடிப்பு என்று எழுந்து போய்விட்டார். படத்தில் கேட்டால் உண்மை என்று நம்புவார்.

இடம்: ஒலிப்பதிவுக் கூடத்தின் காத்திருப்பு அறை
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
டப்பிங் கலைஞர்