பேராசிரியருக்குத் தைத்த தலையணை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. முதலில் எல்லோருடைய நலத்தையும் சொல்லிவிட வேண்டும் என்பது முறை, அதனால் சொல்கிறேன். உன் அம்மா நலம், உன் தங்கை நலம், கடையும் நலம். நான் மட்டும் பத்து நாளாக நலமில்லை. காய்ச்சலோ இருமலோ இல்லை, பொறாமை. இந்த வயதில் இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் போனில் சொன்னால் நீ இரண்டு நிமிடத்தில் சிரித்துப் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் நோட்டிலிருந்து நாலைந்து தாளைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முழுதும் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

வீட்டுச் சேதியை முதலில் சொல்லி முடிக்கிறேன். அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது. அது வந்ததிலிருந்து என் சட்டையில் ஒட்டியிருக்கும் பஞ்செல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிகிறது, வாசலிலேயே நிறுத்தி வைத்து பிரஷ் போட்டுவிட்டுத்தான் உள்ளே விடுகிறாள். மனைவி தலையணை மந்திரம் ஓதுவாள் என்று ஊரில் சொல்வார்கள், உன் அம்மாவுக்கு அதற்குத் தலையணை எதற்கு, பட்டப்பகலில் நடு வாசலில் நின்றே ஓதுகிறாள். தங்கைக்கு மருந்துக்கடை வேலை நிரந்தரமாகிவிட்டது. கடைக்கு மருத்துவமனையிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருக்கிறது, நெஞ்சில் ஆபரேஷன் ஆனவர்கள் இருமும்போது தையல் வலிக்காமல் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ள இறுக்கமான சின்னத் தலையணைகள். கடையில் தையல் மெஷினில் வேலை செய்யும் அக்காவுக்குத் தலை நிமிர நேரமில்லை. ஆக, இங்கே குறை என்று எதுவும் இல்லை, நீ இல்லாததைத் தவிர. நாலு வருடமாகிறது. புத்தகம் முடிந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று நீதான் சொன்னாய்.

புத்தகம் மட்டும் தபாலில் வந்தது. கனத்த புத்தகத்தைப் பார்த்தால் தலையணை மாதிரி இருக்கிறது என்று சொல்வோம் இல்லையா, தலையணையின் வரலாற்றையே தலையணை அளவுக்கு எழுதியிருக்கிறான் அண்ணன், பாருங்கள் என்று உன் தங்கை சிரித்தாள். மதியம் கடையில் ஆள் குறைந்த நேரத்தில் பத்துப் பத்துப் பக்கமாகப் படித்து முடித்தேன். அந்தக் காலத்து ஆட்கள் கல்லைக் குடைந்தும் மரத்தைச் செதுக்கியும் மண்ணைச் சுட்டும் தலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்பதும், காதில் பூச்சி புகாமல் இருக்கவும் அலங்கரித்த முடி கலையாமல் இருக்கவும் அந்தக் கஷ்டத்தைப் பட்டார்கள் என்பதும் எனக்குப் புதிது. மெத்தென்று இருக்க வேண்டும், அவ்வளவுதான் தலையணை என்று முப்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்துவிட்டேன். இறகு, உமி, கம்பளி, பஞ்சு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு அத்தியாயம் போட்டதும் நன்றாக இருக்கிறது. ஆனால் இலவம்பஞ்சைத் துவைத்துக் காயவைத்தால் புதிதுபோல ஆகிவிடும் என்று எழுதியது யார்? நீயாக இருக்க முடியாது, துவைத்தால் அது கட்டி கட்டியாகச் சுருண்டுவிடும் என்று பல் விழுந்து முளைக்கும் வயதிலேயே உனக்குத் தெரியும். அந்த இடத்தில் பென்சிலால் தப்பு என்று பெரிதாக எழுதி வைத்தேன். எழுதும்போது மனதுக்கு இதமாக இருந்தது.

அத்தோடு விட்டிருப்பேன். மூலைகளை முதலில் குச்சியால் குத்தி நிரப்பிவிட்டுத்தான் நடுவில் பஞ்சை விட வேண்டும், இல்லாவிட்டால் மூலை நாய்க்காது மாதிரி தொங்கிவிடும் என்று ஓரிடத்தில் வருகிறது. நாய்க்காது என்பது என் வார்த்தை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் கள ஆய்வில் தெரியவந்தது என்று போட்டிருக்கிறாய். களம் என்றால் என் கடைதானே? ஆய்வு என்றால் நீ பஞ்சு மூட்டை மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு என் உயிரை வாங்கிய கேள்விகள்தானே? சரி போகட்டும், படித்தவர்கள் எழுதும் விதம் இப்படித்தான் போல என்று புரட்டிக்கொண்டே போனால் கடைசியில் நன்றிப் பக்கம். முதல் வரியிலேயே, எனக்குத் தந்தை போன்ற என் பேராசிரியருக்கு. அதற்குப் பிறகு நூலகத்தாருக்கு, அருங்காட்சியகத்தாருக்கு, அச்சகத்தாருக்கு, பெற்றோருக்கு. தந்தை போன்றவருக்கு முதல் வரி, தந்தைக்கு அச்சகத்தாருக்குப் பின்னால் இடம். அம்மாவிடம் காட்டினால் “அது ஒரு மரியாதைக்கு எழுதறதுங்க, இதுக்குப் போயா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க” என்றாள். மரியாதைக்கு மாமா போன்ற என்று எழுதியிருக்கலாமே, மாமா பதவி காலியாகத்தானே இருக்கிறது என்றேன்.

இந்த எரிச்சல் அடங்குவதற்குள்தான் நீ போன் செய்து “நான் இப்ப வர முடியாதுப்பா, சார் வர்றார், மூணு நாள் நம்ம வீட்லதான் தங்குவார், நம்ம கடையப் பாக்கணும்னு ரொம்ப ஆசைப்படறார், நல்லா பாத்துக்கோங்க” என்றாய். உன்னை எதிர்பார்த்து வெள்ளையடித்த அறையில் அவரைக் கொண்டுபோய் இறக்கினேன். மனிதரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். என்னைவிட மூன்று வயது இளையவர், தலைமுடி என்னைவிட இரண்டு மடங்கு. போட்டதைச் சாப்பிடுகிறார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறார், உன் அம்மா அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. பேச்சுக்குப் பேச்சு “நம்ம பையன்” என்கிறார். நம்ம பையன் அப்படிச் சொன்னான், நம்ம பையனுக்கு இது பிடிக்கும். இந்த “நம்ம”வில் நான் எந்தப் பக்கம் என்று எனக்கு விளங்கவில்லை. எதைக் கேட்டாலும் “அப்படியா, பார்க்கலாம்” என்று தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சொல்கிறார். ஒரு வருடமாக நீ போனில் சொல்லும் பார்க்கலாம் அதே இழுவையில்தான் இருக்கிறது. அது உன்னுடையது என்று நினைத்து நான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

இனி எழுதப் போவதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது. அவர் வருவதற்கு முன்பே அவருக்கென்று ஒரு தலையணை தைத்தேன். புதுத் துணி, கோடு போட்ட கெட்டித் துணி, மூலைகள் ஊசி மாதிரி. சுற்றிலும் முதல் தரமான இலவம்பஞ்சு. நடுவில் மட்டும், பழைய தலையணைகளைப் பிரித்து ஒதுக்கி வைத்திருக்கும் கட்டிப் பஞ்சை, இரண்டு கைப்பிடி, நன்றாக உருட்டி உள்ளே வைத்தேன். கையால் அழுத்திப் பார்த்தால் வெண்ணெய். தலையை வைத்துப் படுத்தால் சுற்றியுள்ள பஞ்சு அமுங்க அமுங்க அந்தக் கட்டி மெல்ல மேலே வந்து கழுத்தில் முட்டும். தொழில் தெரியாதவன் இதைச் செய்ய முடியாது. முப்பது வருடத்தில் ஒருவருக்கும் நான் கெட்ட தலையணை கொடுத்ததில்லை, பாக்கி வைத்துவிட்டு ஓடிப்போன விடுதிக்காரனுக்குக்கூட. இவருக்குக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவர் அறையிலிருந்து வந்த கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். தலை இடது தோளைப் பார்த்தபடி நின்றுவிட்டது. அம்மாவைப் பார்த்துப் பேச வேண்டுமானால் ஆள் முழுதும் திரும்புகிறார், கதவு திறக்கிற மாதிரி. உள்ளுக்குள் எனக்கு ஒரு சிரிப்பு வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பயணத்தில் பிடித்துக்கொண்டது போலிருக்கிறது என்றார். டீயைக் குடிக்கத் தலையை நிமிர்த்த முடியாமல் தட்டில் ஊற்றிக் குடித்தார். அந்த ஒரு தட்டு டீதான் என் சிரிப்பைக் கொன்றது. தைலத்தை எடுத்துக்கொண்டு போய்க் குப்புறப் படுங்கள் என்று சொல்லி நானே கழுத்தைப் பிடித்துவிட உட்கார்ந்தேன்.

குப்புறப் படுத்தவர் சும்மா இருக்கவில்லை. “தப்பா நினைக்காதீங்க, இந்தத் தலகாணி உங்க கை வேலை மாதிரி தெரியலையே, வேற யாராவது அடைச்சாங்களா” என்று கேட்டார். எனக்கு முகம் சுட்டது. நல்லவேளை அவர் முகம் கீழே இருந்தது. என் கை வேலை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். “உங்க தலகாணிலதானே மூணு வருஷத்துக்கு மேலா தூங்கறேன், நீங்க பையனுக்குக் குடுத்து அனுப்பினீங்களே, நீலக் கோடு போட்டது, அவன் தலகாணி வைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதும் என்கிட்ட குடுத்துட்டான், அதுல படுத்த அன்னைக்கே இதைத் தைச்ச ஆளப் பாக்கணும்னு நினைச்சேன்” என்றார். என் கை நின்றுவிட்டது. என்ன டாக்டர், எதற்குக் கூடாது என்றேன். அவர் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். பிறகு “ஐயோ, உங்களுக்குச் சொல்லலையா” என்றார்.

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் கேட்டு வாங்கினேன். நீ போன முதல் வருடமே கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னதும், ஒரு துண்டை நாலாக மடித்து வைத்துத்தான் இன்றுவரை படுக்கிறாய் என்பதும், குளிர் நாளில் எழுத முடியாமல் கை மரத்துப்போகும் என்பதும், அந்த நாட்களில் நீ சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார் என்பதும். நீ எழுதிய புத்தகத்தில் பாதி அவர் கையெழுத்து. அம்மாவிடம் போய்க் கேட்டால் அவளுக்கும் போன வருடமே தெரிந்திருக்கிறது. ஏன் மறைத்தாய் என்றால் “சொன்னா நீங்க அப்புறம் பஞ்சைத் தொட மாட்டீங்க, அவன்தான் சொல்ல வேணாம்னான்” என்று அழுகிறாள். நீங்கள் இரண்டு பேரும் என் மனதைக் காப்பாற்ற நினைத்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. புரிந்தும் பொறாமை போகவில்லை, இன்னும் ஏறித்தான் இருக்கிறது. நன்றிப் பக்கத்தில் அவருக்கு முதல் வரி கொடுத்ததெல்லாம் இப்போது எனக்கு ஒன்றுமே இல்லை. எழுதிக்கொள். உன் வலியை அவருக்கு முதலில் கொடுத்தாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று மதியமே அந்தக் கட்டிப் பஞ்சைப் பிரித்தெடுத்துவிட்டு அதே தலையணையை ஒழுங்காக அடைத்துக் கொடுத்தேன். அவர் ஏதும் கேட்கவில்லை, தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மூன்று நாளும் காலையும் மாலையும் அவர் கழுத்தைப் பிடித்துவிட்டேன். ஊருக்குப் போகும்போது தலை நேராகிவிட்டது, இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டிவிட்டுத்தான் வண்டி ஏறினார். என்னைக் கட்டிக்கொண்டார். நானும் கட்டிக்கொண்டேன், பாதி மனதோடு. நல்ல மனிதர். அவர் கொஞ்சம் மோசமான மனிதராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

அவரை இனி அனுப்பாதே, நீ வா. வேலை முடியட்டும், அடுத்த புத்தகம் ஆரம்பிக்கட்டும் என்று பார்க்கலாம் போடாதே. உன் அறையில் தலையணை எதுவும் இருக்காது, எல்லாவற்றையும் எடுத்துக் கடைக்குக் கொண்டுபோய்விட்டேன், கட்டிலில் பலகையைப் போட்டு மெல்லிய விரிப்பு மட்டும் விரித்திருக்கிறேன். குனிந்து எழுதாதே, வெந்நீர் ஒத்தடத்தை விடாதே. நீ நீண்ட ஆயுளோடும் நல்ல உடம்போடும் இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். தங்கை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

பதிலில் வேறு எதை எழுத மறந்தாலும் பரவாயில்லை, ஒன்றை மட்டும் எழுது. அவரிடமும் கேட்டிருக்கலாம், அவருக்குத் தெரிந்திருக்கும், அதனால்தான் கேட்கவில்லை. உனக்கு வலிப்பது இடது பக்கமா, வலது பக்கமா?

இப்படிக்கு,
உன் அப்பா