உன் ஜன்னலுக்கு எதிரே

நேற்று என் வீட்டு முன்சுவரில் ஏசிக்காகத் துளை போட்டார்கள். செங்கல் தூள் பறந்து எதிர் வரிசையில் உன் ஜன்னல் கம்பியில் சிவப்பாகப் படிந்துவிட்டது. இன்று காலை துடைக்கத் துணியோடு வந்தவன், கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். சாத்திய ஜன்னலுக்குப் பின்னால் நீ படுத்திருந்த கட்டில் அங்கேயேதான் கிடக்கிறது. உன் மனைவி இப்போது அதில்தான் படுக்கிறார்.

அந்தக் கட்டிலில் கடைசியாக உனக்கு இருந்தது ஒரே வேலை, மூச்சு விடுவது. மில் பஞ்சு உன் நெஞ்சில் தங்கிவிட்டது. அதே தறிக்கூடத்தில் உன் பக்கத்தில் நின்ற என்னை எப்படி விட்டது என்று தெரியவில்லை. கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் உன்னை வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "ஜன்னலத் தொறந்தே வைங்க" என்றார். உன் வீட்டுக்கு இருப்பது ஒரே ஜன்னல். அதற்கு எதிரே, என் வீட்டை ஒட்டிய வாடகை அறையின் சுவரில் ஏசியின் வெளிப்பெட்டி மாட்டியிருந்தது. ஒரு ஸ்கூட்டர் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து நம்முடையது. பெட்டி ஊதிய அனல் அத்தனையும் உன் முகத்துக்கே வந்தது.

நீ முதலில் சிரித்தாய். "நூலு அறுந்துடக் கூடாதுன்னு ஜன்னலச் சாத்தி, ஆவிய விட்டு மில்லுல வெந்தோம். இப்ப ஊரு தூங்கணும்னு வேகறோம். நம்ம ஜாதகம் அப்படிய்யா" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டை போடத்தான் போனேன். கதவைத் திறந்தவள் அங்கே குடியிருந்த நர்ஸ் பெண். இரவெல்லாம் டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள். விஷயத்தைக் கேட்டதும், "சாரி அங்கிள், எனக்குத் தெரியாது. நிறுத்திடறேன்" என்று அப்போதே நிறுத்திவிட்டாள். சில நாள் உனக்குக் காற்று வந்தது. அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. ஒரு காலை அவள் டூட்டி முடிந்து வரும்போது நீ ஜன்னல் வழியாகக் கூப்பிட்டாய்.

"போட்டுக்கம்மா. தூக்கக் கலக்கத்துல ஊசிய மாத்திப் போட்டுட்டா அங்க இன்னொருத்தன் போயிடுவான்."

சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாய். உன்மேல் அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. யாரைக் கேட்டு உன் மூச்சைத் தூக்கிக் கொடுத்தாய்?

அந்தச் சித்திரையில் வீட்டுக்கு வீடு ஏசி வந்தது. ஒருவன் வீட்டு அனல் தாங்காமல் எதிர் வீட்டான் வாங்கினான், அவன் அனலுக்கு அடுத்தவன். வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆளில்லை, எல்லாக் கதவும் சாத்திக்கொண்டன. நீ போய்ச் சேர்ந்த மதியம் உன் மனைவி நடுச்சந்தில் நின்று கத்தினார். ஒரு கதவும் திறக்கவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை, கேட்கவில்லை, அவ்வளவுதான். ஏசி இல்லாத என் வீடு திறந்து கிடந்ததால் நான் ஓடிவந்தேன். உன்னை ஆட்டோவில் ஏற்ற இன்னொரு ஆளுக்காகக் கதவு கதவாகத் தட்டினேன், திறக்க நேரமானது. ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் என்று எழுதினார்கள். வேறென்ன எழுதுவார்கள்?

அடுத்த மாதமே அந்தப் பெண் ஏசியைக் கழற்றிக்கொண்டு வேறு வீடு போய்விட்டாள். அதன் பிறகு உன் ஜன்னல் திறந்தேதான் இருந்தது, நேற்று வரைக்கும்.

என் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு கொப்புளமாகி, ராப்பகலாக அழுகை. மருமகன் லாஸ்பேட்டையிலிருந்து ஏசியை வாங்கி அனுப்பிவிட்டார். என் வீட்டுக்கு மூன்று பக்கமும் அடுத்தவர் சுவர், மேலே சிமெண்ட் ஷீட். மெக்கானிக் சுற்றிப் பார்த்துவிட்டு, "அவுட்டோர் மாட்ட இந்த முன்சுவரு ஒண்ணுதான் சார் இருக்கு" என்றான். வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எதிரே உன் மனைவி ஜன்னலை இழுத்துச் சாத்தினார்.

"பச்சப் புள்ளண்ணே. மாட்டச் சொல்லுங்க" என்று உள்ளிருந்து குரல் வந்தது. உன்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவர் வேறெப்படிப் பேசுவார். நான் சுவரை விட்டு விலகி வழிவிட்டேன், அவன் துளை போட்டான்.

இரவு குழந்தை அழாமல் தூங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு நானும் தூங்கினேன், நன்றாகவே தூங்கினேன். விடிந்து எழுந்த பிறகுதான் உறைத்தது. ராத்திரி உன் மனைவி கூப்பிட்டிருந்தால் எனக்குக் கேட்டிருக்காது. பல்கூட விளக்காமல் ஓடிவந்து உன் கதவைத் தட்டினேன். திறக்க நேரமானது.

"என்னண்ணே?" என்றார்.

"ஒண்ணுமில்லம்மா. தூசு தொடைக்க வந்தேன்." சொல்லிவிட்டதற்காகத் திரும்பிப் போய்த் துணி எடுத்துவந்தேன்.

இனி எல்லாக் காலையும் அந்தக் கதவைத் தட்டிவிட்டு, திறக்கட்டும், திறக்கட்டும் என்று நிற்கப்போகிறேன்.