ஒரே தலைப்பு

வெள்ளிக்கிழமை, ஹட்டன். மழை.

பல்கலைக்கழக நூலகங்கள் எல்லாம் இனி ஒரே கணினிப் பட்டியலில் சேருது. தேயிலைத் தோட்டத்து எங்க ஆட்களைப் பற்றிய புத்தகங்கள் அதில் எந்தத் தலைப்பின் கீழ் வரும் என்று இன்றைக்கு முடிவானது. அதற்குப் பொறுப்பு யாழ்ப்பாணத்து வசந்தி அக்கா.

முன்பு நாங்க இரண்டு பேரும் ஒரே நூலகத்தில், ஒரே மேசையில் வேலை செய்தோம். அவங்க 'இந்தியத் தமிழர்' என்று எழுதுவாங்க. நாங்க இங்கேயே பிறந்தவங்க என்று நான் அதை அடித்துவிட்டு 'மலையகத் தமிழர்' என்று எழுதுவேன். சண்டை போட்டுவிட்டு ஒரே ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிடுவோம்.

பின்னேரம் அக்கா எனக்குப் போன் எடுத்தாங்க.

"மலையகத் தமிழர் எண்டே போட்டிட்டன். உங்கட ஆக்களின்ட பேர் உங்களுக்குத்தானே தெரியும்."

"இந்தத் தடவை சண்டை போடலையாக்கா?"

"சண்டை பிடிக்க நீர் பக்கத்தில இல்லையே."

சிரித்தேன். இரவு ரொட்டியை இரண்டாகப் பிய்த்து, ஒரு பாதியைத் தட்டிலேயே வைத்தேன்.