கிரில் கேட்டுக்குள் வந்த ஊர்சுத்தி உத்தமி

1-7-2024, திங்கள்

எழுதி வைக்க நல்ல சேதி நிறைய இருக்கிறது. பேத்தி சுசித்ரா பெங்களூர் கம்பெனியில் டீம் லீடர் ஆகிவிட்டாள். மீசை வைத்த ஆம்பளைகளெல்லாம் அவளைக் கேட்டுத்தான் லீவு போடணுமாம். பேரன் இளம்பரிதிக்குக் கோயம்புத்தூர் காலேஜில் தங்க மெடல். ராகிக்கு வரும் நோயைப் பற்றி அவன் எழுதியதை டெல்லியில் கூட்டம் போட்டுப் படித்தார்களாம். மகன் முனிராஜ் பேங்கில் மேனேஜர். மருமகள் சோபனா பிளஸ் டூவுக்குக் கணக்கு டீச்சர். அவள் வகுப்பில் இந்த வருஷமும் ஒருத்தர்கூட ஃபெயில் இல்லை. அஞ்சாவதோடு நிறுத்தப்பட்டவளுக்கு இப்படி ஒரு வம்சம்!

யாரிடம் சொல்வது? பகல் முழுக்க வீட்டில் நான் ஒருத்திதான். காலையில் இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பும்போது கிரில் கேட்டை வெளிப்பக்கம் பூட்டிக்கொண்டு போகிறார்கள். பொழுது சாய வந்துதான் திறக்கிறார்கள்.

தை மாசம் பால் வாங்கப் போனவள் சாக்கடை ஓரம் சறுக்கி விழுந்தேன். கையில் கட்டுப் போட்டார்கள். அன்றைக்கு வந்தது இந்தப் பூட்டு. “உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்னம்மா பண்ணுவேன்” என்று முனிராஜ் கண்கலங்கினான். அப்படி அழுகிற பிள்ளையிடம் பூட்டாதே என்று எப்படிச் சொல்ல?

3-7-2024, புதன்

இன்றைக்கு ஒரு அதிசயம். பழைய பேப்பர் எடுக்கிற கரீம் பாய் ஆட்டோவில் வந்தார். சோபனா கட்டி வைத்திருந்த பேப்பரைக் கம்பி இடுக்கு வழியாக நான் கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட, அவர் வாங்கி அடுக்கினார். அவர் ஆட்டோவில் ஒரு தடிப் புத்தகம் திறந்து கிடந்தது. காற்றில் பக்கம் புரண்டது. கொம்பு மாதிரி இரண்டு ஜடை. பக்கத்தில் ஒரு ஆடு.

உத்தமி! ஊர்சுத்தி உத்தமி!

“பாய், அது... அந்தப் புள்ள...” என்று கையைக் காட்டினேன்.

“இதுவா ஆயா? பென்னாகரம் ரோட்டுல ஒரு வாத்தியார் வூட்டக் காலி பண்ணாங்க. வாரப் பத்திரிகைல வந்த படக்கதையெல்லாம் வெட்டி பைண்டு பண்ணி வெச்சிருந்திருக்காரு. எடைக்குத்தான் போட்டாங்க. வேணுமா?”

வேணுமாவாம்!

கம்பி இடுக்கில் புத்தகம் நுழையவில்லை. அப்படித் திருப்பி, இப்படித் திருப்பி, ஊஹூம். கேட்டுக்கு மேலேயும் ஈட்டிக் கம்பி, கூரை வரைக்கும். பாய் தலையைச் சொறிந்தார். பிறகு கத்தியை எடுத்து, “அறுத்துரட்டுங்களா?” என்றார். முதுகை அறுத்துக் கத்தை கத்தையாக உள்ளே நீட்டினார். பிரியாணியைப் பொட்டலம் போட்டு ஜெயிலுக்குள்ள குடுக்கற மாதிரி இருக்குது என்று அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

4-7-2024, வியாழன்

சோறு வைக்க மறந்து படித்துக்கொண்டிருந்தேன்.

சிறுசில் நாங்கள் பாப்பாரப்பட்டியில் இருந்தோம். பத்திரிகை வாங்குகிற வீடா எங்கள் வீடு? மளிகைக் கடைப் பொட்டலக் காகிதத்தில் வந்தால்தான் உத்தமி. பருப்பு வாங்கினால் ஒரு வாரம், மிளகாய் வாங்கினால் ஒரு வாரம், முன்னதும் பின்னதுமாக. கடைக்காரர் எப்போதும் காகிதத்தின் கீழ்ப்பாதியைக் கிழித்துவிட்டுத்தான் பொட்டலம் மடிப்பார். அதனால் கடைசி வரிசைப் படங்கள் எனக்குக் கிடைத்ததே இல்லை. உத்தமி வைக்கோல் வண்டிக்குள் ஒளிந்து வீட்டை விட்டுப் போவாள். கல்யாண பேண்டு செட்டில் ஜால்ரா அடித்துக்கொண்டே போவாள். கலெக்டர் என்று பேர் வைத்த ஆடு பின்னாலேயே ஓடும். அதோடு காகிதம் முடிந்துவிடும். மீதியை நான் சொல்லிக்கொள்வேன். சேலம் போனாள். கப்பல் ஏறினாள்.

அஞ்சாவதோடு என்னை நிறுத்தி மாடு மேய்க்க விட்டபோதும், மாட்டிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

6-7-2024, சனி

முழுசாகப் படித்து முடித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம்.

வாரா வாரம் கடைசிக் கட்டத்தில் அவளைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஒரு வாரம் நெல் அறையில் போட்டுப் பூட்டு. ஒரு வாரம் ஜடையைத் தூணில் கட்டு. வெளியே அவள் அம்மா சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நிற்கிறாள், ஆடு வாயைப் பொத்திச் சிரிக்கிறது. எல்லா வாரமும் அதேதான். ஒரு வாரமாவது கப்பலா? ஒன்றும் கிடையாது. சேலம்கூடப் போகவில்லை அந்தப் பிள்ளை.

படம் போட்டவர் நாம் சிரிக்க வேண்டும் என்றுதான் வரைந்திருக்கிறார். சிறுசில் பார்த்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

இன்னொன்று. அடுத்த வாரம் முதல் கட்டத்தில் பார்த்தால் மறுபடி தெருவில் நிற்கிறாள். எப்படி வெளியே வந்தாள்? யார் திறந்து விட்டது? அதை ஒரு வாரமும் வரையவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான்.

7-7-2024, ஞாயிறு

இன்றைக்குக் கேட் திறந்தே இருந்தது. செருப்பைத் தொட்டதும் “எங்கம்மா?”, “எங்க அத்தை?” என்று இரண்டு குரல். கழற்றிவிட்டேன்.

10-7-2024, புதன்

கரீம் பாய் எதிர்வீட்டுக்கு வந்தவர் என்னைப் பார்த்து, “வாங்க ஆயா, ஆட்டோல இன்னும் பழைய புக்கு கெடக்குது, இன்னிக்காவது கேட்டத் தொறந்து வெளிய வந்து பொறுக்கி எடுத்துக்கங்க” என்றார்.

அவர் கண் பூட்டின் மேல் போனது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. மேனேஜர் வீடு, டீச்சர் வீடு. பெத்தவளைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று ஊர் பேசவா? போனில் கேட்கிற சுசித்ராவுக்கே நான் சொன்னதில்லை.

“சாவிய எங்கியோ வெச்சுட்டேன் பாய். தேடிக்கிட்டே இருக்கேன்” என்றேன்.

பொய். எனக்கு ஏது சாவி?

12-7-2024, வெள்ளி

அந்தப் பொய் என் கழுத்துக்கே வந்து நிற்கிறது.

கரீம் பாய் நல்ல மனசில் டீக்கடையில் முனிராஜிடம் சொல்லியிருக்கிறார்: “சார், ஆயா சாவியத் தொலைச்சிட்டுத் தவிக்கறாங்க. டூப்ளிகேட் ஒண்ணு போட்டுக் குடுங்க.”

முனிராஜ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளையிடம் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டான்.

“அம்மா, சாவி தொலைஞ்சிடுச்சா?”

நான் கேட்டைப் பார்த்தேன்.

“உங்கிட்ட நாங்க சாவியே குடுக்கலியேம்மா. அது ஞாபகம் இல்லியா?”

சோபனா வாயில் கையை வைத்துக்கொண்டாள். “அன்னிக்கு சோறு வெக்கவே மறந்துட்டாங்கங்க” என்றாள். உள்ளே போய் யாருக்கோ போன் செய்தாள். மறதி வியாதியாம், ஆரம்பத்திலேயே காட்டினால் மாத்திரையில் கட்டுப்படுத்தலாமாம். அடுப்பைக்கூட இனி நான் தொடக்கூடாது.

எனக்குப் புத்தி கலங்கிப்போச்சுன்னு முடிவே பண்ணிட்டாங்க. பொய் சொன்னேன்டா, உன் மானம் போகக்கூடாதுன்னு பொய் சொன்னேன்டா — எப்படிச் சொல்ல? சொன்னா ‘உன்னால எனக்கு வெக்கமா இருந்துச்சு’ன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்றதாவுமே. சொல்லாட்டி சாவற வரைக்கும் பூட்டு. உத்தமிக்காவது ஒரு பூட்டுதான், எனக்குக் கேட்டுக்கு ஒண்ணு, புத்திக்கு ஒண்ணு.

13-7-2024, சனி

எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துவிடுவேனாம், கண்ணாடியையும் பேனாவையும் அவர்களே எடுத்து வைத்துக்கொண்டார்கள்; கேட்டு வாங்கித்தான் இதை எழுதுகிறேன்.

16-7-2024, செவ்வாய்

டாக்டரம்மா சின்ன வயசு. சுசித்ரா வயசு இருக்கும். “ராமக்காள் பாட்டி, இன்னைக்கு என்ன கிழமை? காலையில என்ன சாப்பிட்டீங்க? கடைசியா என்ன படிச்சீங்க?” என்று கேட்டுக்கொண்டே போனார். உத்தமி கதையைச் சொன்னேன். ஆட்டுக்குக் கலெக்டர் என்று பேர் என்றதும் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“ஞாபகம் நல்லா இருக்கே பாட்டி. அப்புறம் அந்தச் சாவி விஷயம்?”

முனிராஜ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பயந்த முகம். சிறுசில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் பார்ப்பான்.

“நான் சாவியத் தொலைக்கலம்மா. எனக்கு சாவி இல்ல. வெளிய பூட்டிட்டுப் போறாங்கன்னு பேப்பர்காரர்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் தொலைஞ்சிடுச்சுன்னேன்.”

சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. “உள்ள புகை கிகை வந்தா எப்படி சார் வெளிய வருவாங்க?” என்று அவனைக் கேட்டார். அவன் தரையைப் பார்த்தான்.

வண்டியில் வரும்போது முனிராஜ் வாயே திறக்கவில்லை. வீட்டில் சோபனாதான், “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அத்தை” என்றாள்.

“சொன்னா தொறந்து வுட்டிருப்பியா கண்ணு?”

“தெரியல அத்தை” என்றாள். பொய் சொல்லாமல் சொன்னாளே, அதுவே போதும்.

18-7-2024, வியாழன்

அவன் இன்னும் பேசவில்லை. பெற்ற பிள்ளையை அடுத்தவர் எதிரில் தலைகுனிய வைத்துவிட்டேன். கேட் பூட்டித்தான் இருக்கிறது.

22-7-2024, திங்கள்

காலையில் பூட்டு உள்பக்கம் தொங்கியது. சாவி சாமி படத்துக்குக் கீழே. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் முனிராஜ் சொன்னான்: “மழை பெஞ்சிருந்தா அந்தச் சாக்கடைப் பக்கம் போவாதம்மா.”

பகல் முழுக்கச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகக் கால் வரவில்லை. இது என்ன கூத்து?

23-7-2024, செவ்வாய்

பால் பூத் வரைக்கும் போய் வந்தேன். அவ்வளவுதான். வந்து தண்ணீர் குடித்தேன்.

26-7-2024, வெள்ளி

பஸ் ஸ்டாண்டுக்குப் போய், பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்ஸில் ஏறினேன். எந்த ஊர் என்று பார்க்கவில்லை. ஜன்னல் சீட்டு கிடைத்தது. முனிராஜ் மூன்று தடவை போன் செய்துவிட்டான். மூன்றாம் தடவை, “சரி, போயிட்டு வா. என்ன சாப்புட்ட?” என்று மட்டும் கேட்டான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பிள்ளை சமரீன் என் போனிலேயே என்னைப் படம் எடுத்துக் கொடுத்தது. காற்றில் முடி பறந்து பைத்தியக்காரி மாதிரி இருக்கிறது. வாயெல்லாம் பல்.

வீட்டுக்கு வந்ததும் சுசித்ராவுக்கு வாய்ஸில் பேசி அனுப்பினேன். அதையே இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

“கண்ணு, நம்ம குடும்ப குரூப்புல என்னச் சேர்ல உக்கார வெச்சு, தோளுக்குச் சால்வ போத்தி எடுத்த படத்தப் போட்டு வெச்சிருக்கீங்களே, அதத் தூக்கிடு. இப்ப அனுப்பியிருக்கறதப் போடு. முடியக் கிடியச் சரி பண்ணாத, அப்படியே போடு.”