சேமியாவுக்கு இருமல் இல்லை

தருமபுரி,
திங்கள் இரவு

அன்பு மகள் மெஹக்குக்கு அம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். மணி பன்னிரண்டு ஆகப் போகிறது, இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள், பகலில் இதைச் சொல்ல வாய் வரவில்லை, போனிலும் வராது. நானும் அப்பாவும் உன் குதிரை சேமியாவும் நல்ல சுகம். திருநெல்வேலி வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ, ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொண்டதா.

சேமியாவை அங்கே அனுப்ப அப்பாவுக்கு முழுச் சம்மதம். "படிக்கப் போற புள்ளைங்க பொட்டி படுக்க கேக்கும், எம் பொண்ணு குதிரையக் கேக்கறா பாருங்க" என்று டீக்கடையில் பெருமையடித்துக்கொள்கிறார். கல்யாண ஊர்வலத்துக்கு இனி வேறு குதிரை பார்த்துக்கொள்வாராம். நேற்று லாடமும் மாற்றியாயிற்று. கொள்ளு ஊறவைத்துத்தான் போட வேண்டும், இரும்பு வாளியில் வைத்தால் தண்ணீர் குடிக்காது, அதன் நீல டிரம்மையும் வண்டியில் ஏற்றிவிடுகிறேன். கொட்டிலுக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபம் இருக்கிறதா என்று விசாரித்து வை. போன மாதம் பேண்டு சத்தம் கேட்டு, கட்டை அவிழ்த்துக்கொண்டு போய் யாரோ ஒரு மாப்பிள்ளையின் காருக்கு முன்னால் ஆடிக்கொண்டே நடந்திருக்கிறது, அவர்களும் பெண் வீட்டார் அனுப்பியது என்று நினைத்து மாலை போட்டு விட்டிருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் காலேஜ் பக்கத்துக் கொட்டில்காரர் பெரியண்ணன் வியாழக்கிழமை போன் செய்து, இடம் காலியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமையே குதிரையைக் கொண்டுவரலாம் என்றார். சேமியாவுக்கு இருமல், இப்போது முடியாது என்று சொல்லிவிட்டேன். அதற்கு இருமல் இல்லை மெஹக். அவர் பதறிப்போய், "எங்கிட்ட இன்னும் எட்டு நிக்கிம்மா, ஒண்ணுக்கு வந்தா எல்லாத்துக்கும் ஒட்டிக்கிடும்" என்றார். டாக்டர் சர்டிபிகேட் வேண்டுமாம், வருகிற சனிக்கிழமைக்குள் சேதி வராவிட்டால் வேறு ஆளுக்கு இடத்தைக் கொடுத்துவிடுவாராம். அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. நீயோ பெரியண்ணன் சொன்னதை நம்பி நாலு நாளாய் மருந்து மருந்தாய் மெசேஜ் போடுகிறாய், அதைப் படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாதம் ஒருமுறை வருவாய், பஸ்ஸை விட்டு இறங்கித் தோள்பையைக்கூடக் கழற்றாமல் நேரே பின்பக்கம் போய் அதன் கழுத்தைக் கட்டிக்கொள்வாய், பிறகுதான் "அம்மா, என்ன குழம்பு" என்று உள்ளே வருவாய். என்னிடம் இரண்டாவதாக வந்தாலும் வந்தாயே என்று இருந்தேன். சேமியாவும் அங்கே போய்விட்டால் ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து எதற்காக வரப்போகிறாய் என்று தோன்றிவிட்டது, அவ்வளவுதான். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பி.ஏ. கடைசிப் பரீட்சை எழுதினவள் நான், படிக்கிற பிள்ளைக்கு நானே குறுக்கே நிற்கலாமா. விடிந்ததும் பெரியண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், டாக்டரிடம் காட்டி சர்டிபிகேட்டும் வாங்கிவிடுகிறேன். நீ கோபித்துக்கொள், ரொம்ப நாள் மட்டும் வேண்டாம்.

அல்லா உனக்கு நல்ல படிப்பும் நல்ல தூக்கமும் தரட்டும். ஹெல்மெட் போடாமல் சேமியா மேல் ஏறாதே. கடிதத்தை நாளைக்கே கூரியரில் போடுகிறேன். வண்டி வெள்ளிக்கிழமை கிளம்பும். அதில் அப்பாவோடு நானும் ஏறி வரட்டுமா, சீக்கிரம் பதில் சொல்.

உன் அம்மா,
மெஹ்ஜபீன்