எங்கள் வீட்டு மதுரையும் மைசூரும்

ஜூன் 9, ஞாயிறு
இசைவாணிக்கு ஆனியில் காது குத்துவதென்று முடிவாகிவிட்டது. யார் மடியில் வைத்து என்பதுதான் முடிவாகவில்லை. "மாமன் மடி இல்லாட்டி சித்தப்பன் மடி" என்கிறார் என் வீட்டுக்காரர் அழகர். கூடப்பிறந்த முத்துக்கிருஷ்ணன் அண்ணன் அடுத்த தெருவில் இருக்க, என் பிள்ளைக்கு இன்னொருவர் மடியா?

ஜூன் 15, சனி
எல்லாம் சித்திரையில் காளியம்மன் கும்பிட்டபோது வந்த வினை. முதல் பரிவட்டம் தங்களுக்கு மதுரை நாயக்கர் கொடுத்த உரிமை என்று இவர் வகையறா. இல்லை, தங்களுக்கு மைசூர்க்காரர்கள் கொடுத்தது என்று நான் பிறந்த வகையறா. பூசாரி என் அண்ணன் தலையில் கட்டிய துணியை, ஊர் பார்க்க இவர் உருவிவிட்டார். என்றைக்கோ செத்துப்போன ராஜாக்களுக்காக மச்சானும் மாப்பிள்ளையும் முகம் பார்ப்பதில்லை.

ஜூன் 22, சனி
பள்ளிப் பிள்ளைகளை எங்கள் ஊர் மலைக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். சரித்திர டீச்சர் ஆயிற்றே. மதுரை, மைசூர், வெள்ளைக்காரக் கும்பினி, மறுபடி மைசூர், மறுபடி கும்பினி — சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. மேலே நின்று வயல்களைப் பார்த்தபோதுதான் தோன்றியது. கோட்டை யார் கையிலோ, பரிவட்டமும் அவர்கள் ஆளுக்குத்தானே போயிருக்கும்? அப்படியென்றால் இரண்டு வகையறாவும் சொல்வது நிஜமாக இருக்கலாமே! இதைச் சொன்னால் இருவரும் சேர்ந்து என்னை அடிக்க வருவார்கள். அப்படியாவது சேரட்டும்.

ஜூன் 23, ஞாயிறு
அண்ணனிடம் சொன்னேன்.
"சரித்திரம் கெடக்கட்டும் மகேசு. உருவுன கையால கட்டச் சொல்லு, வாரேன்."
இதை இவரிடம் எப்படிச் சொல்ல?

ஜூன் 30, ஞாயிறு
சொல்லிவிட்டேன். "எங்கையால கட்டணுமா? நடக்காது" என்றார்.
"மைசூர் வகையறாப் பொண்ணுன்னு தெரிஞ்சுதான கட்டுனீங்க? இசைவாணி எந்த ராஜா பக்கம்? அதையும் சொல்லுங்க!" — கத்தியே விட்டேன். சாப்பிடாமல் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஜூலை 7, ஞாயிறு
இன்னும் பேச்சில்லை. தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தில் உப்பில்லை என்றுகூடச் சொல்லவில்லை.

ஜூலை 12, வெள்ளி
இன்று காதுகுத்து. அண்ணன் வந்துவிட்டான்! எனக்குத் தெரியாமல் இவரே நேற்றுப் போய் அழைத்திருக்கிறார். தாய்மாமனுக்குத் தலைப்பாகை கட்டும் நேரம் வந்ததும், கொழுந்தன் கையிலிருந்த துணியை வாங்கி இவரே கட்டினார். கட்டு தொளதொளவென்று இருந்தது.

இசைவாணி மாமன் மடியில் வீரிட்டாள். வலியில் கைக்கு எட்டியதைப் பிடித்து இழுத்தாள். தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது.

"அப்பனுக்குப் பொறந்தது எப்படி இருக்கும்? கட்டுங்க மாப்ள" என்றான் அண்ணன்.

இவர் சிரித்துவிட்டார். குனிந்து எடுத்து மறுபடி கட்டினார், இந்தத் தடவை இறுக்கமாக.